எல்லையோர ஊர்களின் நலக்கணக்கு: பாலக்காடு, இடுக்கி மலைப்பகுதிகளில் பொதுச் சுகாதாரத் தரவும் சட்டமும்

கேரளத்தின் பொதுச் சுகாதாரம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மாநிலச் சராசரியிலிருந்தே தொடங்குகின்றன. அந்தச் சராசரியும் பெருமைப்படத் தக்கதாகவே இருக்கிறது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டின் சிசு மரண விகிதம், அதாவது உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை, 25 ஆக இருக்க, கேரளத்தில் அது 5 மட்டுமே. ஆனால் மாதிரிப் பதிவுத் திட்டம் தேர்ந்தெடுத்த சில கிராமங்களிலும் நகர வட்டாரங்களிலும் மட்டும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்து, அதைக்கொண்டு மாநிலம் முழுவதற்கும் மதிப்பீடு தருகிறது. ஒரு பஞ்சாயத்தின் நிலை என்ன என்று கேட்டால் அதனிடம் விடை இல்லை. தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் பாலக்காட்டின் கிழக்கு விளிம்பிலும் இடுக்கியின் உயர்மலைத் தாலுக்காக்களிலும் வாழும் பழங்குடிகள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், ஏலக்காட்டுக் கூலிகள், வறண்ட நிலத்துச் சிறு விவசாயிகள் ஆகியோரின் உடல்நலம் இந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறது. அவர்களைக் காக்க வேண்டிய சட்டங்கள் எவை, அந்தச் சட்டங்களை இயக்க வேண்டிய தரவுகள் எங்கே பிறந்து எங்கே தேங்குகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பகுதியின் சுகாதாரச் சட்ட வரலாறு, மாநில எல்லைகளுக்கு முன்பிருந்த எல்லைகளின் வரலாறாகவும் இருக்கிறது. பாலக்காடு தாலுக்காவும், வள்ளுவநாடு தாலுக்காவைச் சேர்ந்திருந்த அட்டப்பாடியும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தமையால், அங்கே 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நடப்பில் இருந்தது. சித்தூரோ கொச்சி அரசின் பகுதி. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மூன்றும் திருவிதாங்கூருக்கு உரியவை. ஆகையால் இவற்றுக்கு 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சிப் பொதுச் சுகாதாரச் சட்டம் பொருந்தியது. 1956-இல் கேரளம் உருவாகி, 1957-இல் பாலக்காடும் 1972-இல் இடுக்கியும் தனி மாவட்டங்களான பின்னரும் இந்த இரட்டைச் சட்ட நிலை மாறவில்லை. ஒரே பாலக்காடு மாவட்டத்துக்குள் சித்தூருக்கு ஒரு சட்டமும் பாலக்காட்டுக்கு மற்றொரு சட்டமுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. 2021-இல் அவசரச் சட்டமாகத் தொடங்கி, 2023 மார்ச்சில் சட்டமன்றம் நிறைவேற்றி, அவ்வாண்டின் இறுதியில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம்தான் இரண்டையும் ஒன்றாக்கியது. மாநிலம், மாவட்டம், உள்ளாட்சி என மூன்று படிகளில் பொதுச் சுகாதார அதிகாரிகளை அது நிறுவுகிறது. அறிவிக்கத்தக்க நோய்களை, அதாவது கண்டறிந்த மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களை, வரையறுக்கிறது. குடிநீர், கழிவு, நோய்ப்பரவல் ஆகியவற்றில் நேரடியாகத் தலையிடும் அதிகாரத்தை உள்ளூர் அளவுக்குக் கொண்டுவருகிறது. வாளையாருக்குக் கிழக்கே 1939-ஆம் ஆண்டுச் சட்டமே தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் இன்றும் தொடர்வதால், ஒரு காலத்தில் ஒரே சட்டத்தின் கீழ் இருந்த பாலக்காடும் கோயம்புத்தூரும் இப்போது இரு வேறு சட்டங்களின் கீழ் வந்துள்ளன.

சட்டத்தின் குறையைவிடக் கணக்கின் குறையே பெரிது என்பதற்கு அட்டப்பாடியே முதற்சான்று. அகளி, புதூர், சோலையூர் என்ற மூன்று பஞ்சாயத்துகளில் பரவிக் கிடக்கும் ஏறத்தாழ 190 ஊர்களில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடிகள் வாழ்கின்றனர். ஊர் என்றால் அங்கே மூப்பன், குறுதலை, வண்டாரி, மண்ணூக்காரன் என்ற ஊர்ப்பொறுப்பாளர்களைக் கொண்ட ஒரு சமூக அலகு. 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினராக இருந்தனர். 2011-இல் அவர்கள் பாதிக்கும் கீழாகிவிட்டனர். குடியேற்றத்தோடு நிலம் கைமாறியது. நிலத்தோடு ராகியும் சாமையும் தினையும் துவரையும் வீட்டு அடுப்பிலிருந்து விலகின. இந்த உணவு இழப்பையும், அதன் விளைவான தாய்மாரின் இரத்தசோகையையும், குழந்தைகள் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறப்பதையும் பிரித்துப் பார்க்க இயலாது.

2013-இல் அட்டப்பாடியின் சிசு மரணங்கள் நாடறிந்த செய்தியாயின. அரசுக் கணக்கின்படியே அவ்வாண்டில் முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன; அங்கே பணிபுரிந்த தன்னார்வ அமைப்புகளின் கணக்கு அதைவிட மிகுதியாக இருந்தது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆய்வு செய்தது. குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் வழியாக ஊர்தோறும் சமூகச் சமையலறைகள் தொடங்கப்பட்டன. கருவுற்ற பழங்குடிப் பெண்களுக்கு மாதந்தோறும் பணம் தரும் ஜனனி ஜன்ம ரக்ஷா திட்டம் வந்தது. கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனைக்குப் படுக்கைகளும் மருத்துவர் பணியிடங்களும் கூட்டப்பட்டன. அடுத்தடுத்த ஆண்டுகளில் அரசுக் கணக்கு குறைந்தது. எனினும் எண்ணிக்கை பற்றிய சச்சரவு ஓயவில்லை. ஒவ்வொரு மரணச் செய்தியின்போதும் அது மீண்டும் எழுந்து, மரணத்தின் காரணத்தைப் பற்றிய பேச்சைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

இந்தச் சச்சரவுக்கு மூன்று வேர்கள் உண்டு. முதலாவது வரையறை. கருவுற்று 28 வாரம் கடந்தபின் கருவிலேயே நேரும் இறப்பு, பதிவு விதிகளின்படி செத்துப் பிறத்தல் எனத் தனியே பதிவாகும். அதற்கு முன் கலைந்த கரு பிறப்பு இறப்புப் பதிவேட்டில் இடம்பெறாது. இவ்விரண்டும் சிசு மரண விகிதத்தில் சேர்வதில்லை. ஆனால் ஊரார் பார்வையில் சிசு மரணத்தோடு சேர்த்து இம்மூன்றும் ஒரே துயரம். தாயின் உடல்நலம் பற்றிய சான்று என்ற வகையிலும் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே சரி. இரண்டாவது, சிறிய எண்களின் இயல்பு. ஆண்டுக்கு 500 குழந்தைகள் பிறக்கும் ஒரு பகுதியில் ஒரே ஒரு மரணம் விகிதத்தை 2 புள்ளி உயர்த்திவிடும். ஓராண்டு விகிதத்தைக் காட்டி வெற்றி என்று அறிவிப்பதும் அடுத்த ஆண்டு விகிதத்தைக் காட்டித் தோல்வி என்று முழங்குவதும் ஒருபோலப் பிழையே. இத்தகைய இடங்களில் ஐந்தாண்டுத் தொகுப்பைப் பார்ப்பதும், ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே ஆராய்வதும்தான் முறை.

மூன்றாவதே தலையாயது, எல்லைப் பகுதிகளின் இக்கட்டு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், நிகழ்வை அது நிகழ்ந்த இடத்தில் 21 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. அட்டப்பாடியில் கடுமையான சிக்கல் ஏற்பட்ட தாயையோ குழந்தையையோ மண்ணார்க்காட்டுச் சுரம் இறங்கித் திருச்சூருக்கு அனுப்புவார்கள். அல்லது ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே குழந்தை இறந்தால் மரணம் திருச்சூரிலோ கோயம்புத்தூரிலோ பதிவாகும். அகளிப் பஞ்சாயத்துப் பதிவேடு அந்த மரணத்தை அறியாது. கோயம்புத்தூர் மாநகராட்சிப் பதிவேட்டிலோ அது பல்லாயிரம் மரணங்களில் ஒன்றாகிவிடும். பிறப்பு அறிக்கைப் படிவத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்த்தால் இந்தக் குறை தவிர்க்கக் கூடியதே என்று விளங்கும். அப்படிவம் இரு பாகங்கள் கொண்டது: சட்டப் பாகத்தில் பெயர், நாள், பிறந்த இடம் முதலியன, புள்ளிவிவரப் பாகத்தில் தாய் வழக்கமாக வசிக்கும் ஊர், வயது, கல்வி, குழந்தையின் எடை, கருக்காலம் எத்தனை வாரம், எத்தனையாவது பிரசவம் என்பன. அதாவது அட்டப்பாடியைப் பற்றி யாரும் கேட்க விரும்பும் கேள்விகள் அத்தனைக்கும் விடை அந்த ஒரு தாளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் புள்ளிவிவரப் பாகம் கிழிக்கப்பட்டு மாநிலத் தலைமைப் பதிவாளருக்குப் போகிறது, அங்கே அட்டவணையாகிறது, தாயின் ஊருக்குத் திரும்பி வருவதில்லை. 2023-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, அக்டோபர் முதல் தேசிய அளவிலான மின்னணுத் தரவுத்தளத்துக்கு வழி பிறந்துள்ளது. வசிப்பிட ஊரின் பெயரைக்கொண்டு பதிவுகளைப் பிரித்து அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதந்தோறும் அனுப்புவது இனி எளிய பணியே.

அரிவாள் செல் இரத்தசோகை இதே பகுதியின் இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. இரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைந்து, மெல்லிய நாளங்களில் சிக்கி, கடும் வலியையும் இரத்தசோகையையும் உண்டாக்கும் இந்தப் பரம்பரை நோய், பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் நோயாகவும், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அறிகுறி ஏதுமின்றிக் கடத்தும் நிலையாகவும் அமைகிறது. வயநாட்டைப் போலவே அட்டப்பாடியிலும் பழங்குடிகளிடையே இது காணப்படுகிறது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம், 2047-க்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கும் குறிக்கோளோடு, 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதித்து ஒவ்வொருவருக்கும் மரபணு நிலையைக் காட்டும் அட்டை வழங்க முற்பட்டது. ஐம்பது வீடுகளே உள்ள ஓர் ஊரில் இத்தகைய அட்டை யாரிடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்பது மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும். திருமணப் பேச்சில் அது பெண்ணின் மீதே முதலில் விழும். எனவே சிறு அலகுத் தரவு வேண்டும் என்று கோருவோர், அந்தத் தரவு தனிமனிதரைக் காட்டிக்கொடுக்காதவாறு காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஊர்க்கூட்டத்துக்கு எண்ணிக்கை போதும். பெயர் செவிலியரிடமும் மருத்துவரிடமும் நிற்க வேண்டும்.

இடுக்கியின் நிலை வேறு. அங்கே நலவாழ்வுக்கான முதன்மைச் சட்டம் நெடுங்காலம் ஒரு தொழிற்சட்டமாகவே இருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி, குழந்தைக் காப்பகம், வீடு ஆகிய அனைத்தையும் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. மூணாற்று மலைகளின் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தோட்ட டிஸ்பென்சரிதான் முதல் மருத்துவமனை. இச்சட்டம் இப்போது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பில் கரைந்துவிட்டது. சட்டம் எதுவாயினும், தோட்டத்தின் கணக்கில் உள்ளவர் தொழிலாளரே. பிரட்டு எனப்படும் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு வரலாறு உண்டு, அதே லயத்தில் வாழும் முதியவருக்கும் வேலையற்ற இளைஞருக்கும் அங்கே வரலாறு இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டபோது, இறந்தவர்களில் குழந்தைகளும் முதியவர்களும் அடங்கியிருந்தனர். பலருடைய பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். லயம் என்பது வேலையிடத்தின் இணைப்பன்று, ஒரு முழுக் குடியிருப்பு என்ற உண்மையை அந்தப் பேரிழப்பு எல்லார்க்கும் உணர்த்தியது.

ஓய்வுபெறும் தொழிலாளி தோட்ட வீட்டைக் காலி செய்து பூர்விக ஊருக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், முப்பது நாற்பது ஆண்டுகள் குளிரிலும் சரிவிலும் கொழுந்தெடுத்த உடலின் நோய்கள், அதாவது மூட்டுத் தேய்வு, முதுகுவலி, நாட்பட்ட மூச்சுத்திணறல் ஆகியவை, தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதுமைநோய்களாகவே எழுதப்படுகின்றன. தொழில்சார் நோய் என்ற பத்தியில் இடுக்கியின் பெயர் ஏறுவதே இல்லை. 2015 செப்டம்பரில் போனசுக்கும் கூலிக்குமாக மூணாற்றுச் சாலையில் அமர்ந்த பெண்பிள்ளை ஒருமைப் போராட்டத்தில் வீட்டு வசதியும் மருத்துவமும் பேசப்பட்டன. ஆனால் கூலிக்குப் பேச்சுவார்த்தை மேசை இருப்பதுபோல் உடல்நலத்துக்கு ஒரு மேசை இதுவரை அமையவில்லை.

ஏலத் தோட்டங்களில் சட்டத்தின் பிடி இன்னும் தளர்வு. 5 ஹெக்டேருக்குக் குறைந்த நிலமும் 15-க்குக் குறைந்த தொழிலாளரும் தோட்டச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றதால், உடும்பன்சோலையின் எண்ணற்ற சிறு ஏலக்காடுகள் அதற்குள் வரவே இல்லை. தேனி மாவட்டத்தின் கம்பம், போடி, தேவாரம் வட்டாரங்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி, வேலை முடிந்து மாலையில் இறங்கும் பெண்கள் கேரளத்தில் வேலை செய்து தமிழ்நாட்டில் நோயுறுகிறார்கள். இந்தியாவில் பூச்சிமருந்து மிக அதிகமாகத் தெளிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், தெளிப்பு வேலையில் ஈடுபடுவோருக்கு முன்பரிசோதனையும் காலாந்தர மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்கின்றன. ஆர்கனோ பாஸ்பரஸ் வகை நஞ்சுகளைக் கையாள்வோரின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்க்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இந்த நொதி குறைவது நரம்புகள் நஞ்சுக்கு ஆட்படுவதன் அடையாளம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, நஞ்சேறிய நிகழ்வுகளை அறிவிக்கச் சொல்லும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. ஏற்றுமதியாகும் ஏலக்காயின் நச்செச்சம் ஆய்வகத்தில் நுண்ணளவில் அளக்கப்படுகிறது. வளைகுடா நாடு திருப்பியனுப்பினால் அது நாளிதழ்ச் செய்தியாகிறது. அந்தக் காய்க்கு மருந்தடித்தவரின் இரத்தத்தை அளக்க விதி இருந்தும் அளப்பவர் இல்லை. இந்தக் கட்டுரை ஆராயும் குறைகளுள் மன்னிக்க இயலாதது இதுவே. ஏனெனில் இங்கே அறியாமைக்கு இடமில்லை, விதி எழுதி ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது.

இதே இடுக்கியின் இடமலைக்குடியைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக அமைந்த இந்த முதுவர் நிலத்தின் மக்கள்தொகை சில ஆயிரமே. மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்ற தேசிய அளவுகோல், காட்டுப்பாதையில் நோயாளியைத் துணித்தொட்டிலில் சுமந்துவரும் ஓர் ஊருக்குப் பொருந்தாது. தலை எண்ணிக்கைக்குப் பதில் நடைநேரத்தைக் கணக்கிடும் அளவுகோலே அங்கு வேண்டும்.

சித்தூரின் கிழக்குப் பஞ்சாயத்துகளுக்கு வந்தால் கேள்வி தண்ணீராக மாறுகிறது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, பெருமாட்டி, முதலமடை ஆகியவை மழைமறைவும் கரிசல் மண்ணும் கொண்ட, தமிழ் பேசுவோர் நிறைந்த பகுதிகள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், கேரளத்தின் 152 ஒன்றியங்களில் மிகைச் சுரண்டல் என்று வகைப்படுத்தப்பட்ட ஒரே ஒன்றியம் சித்தூர். ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போகப் பாறையின் ஃப்ளோரைடு நீரில் கலக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டுத் தர அளவுகோல் லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5-ஐ உச்ச வரம்பாகவும் வைக்கிறது. அதற்கு மேல் நெடுநாள் குடித்தால் பல்லில் பழுப்புக் கறையும் பின்னர் எலும்பில் இறுக்கமும் வரும். தண்ணீர் அளவீடு ஒரு துறையிடமும் பற்களின் பரிசோதனை மற்றொரு துறையிடமும் இருப்பதால், எந்தக் கிணற்று நீர் எந்தப் பள்ளிக் குழந்தைகளின் பல்லைக் கெடுத்தது என்ற இணைப்பு யாருடைய கோப்பிலும் நிகழ்வதில்லை.

தரவு ஊராரிடம் வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடை காட்டியது. 2000-இல் கொக்கோ கோலா ஆலை தொடங்கிய சில மாதங்களில் கிணற்று நீர் கெட்டதை மயிலம்மா முதலான எரவாளர் பழங்குடிப் பெண்கள் சமைத்த சோற்றிலும் குளித்த உடம்பிலும் கண்டுணர்ந்தனர். 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு, உரமென்று உழவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக்கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதை பிபிசி வானொலியின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் உயர்மட்டக் குழு இழப்பை 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. 2011-இல் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டாமல் அது சட்டமாகவில்லை. பெண்களின் சாட்சியம் ஆய்வக எண்ணாக மாறியபோதுதான் பஞ்சாயத்தின் அதிகாரத்துக்கு வலு கிட்டியது. அந்த வரிசையே இதில் கவனிக்கத்தக்கது.

தொற்றுநோய்க் கண்காணிப்பில் அமைப்பு ஓரளவு சீராக உள்ளது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், களப்பணியாளர் அறிகுறிகளையும், மருத்துவர் ஐயத்துக்குரிய நோயையும், ஆய்வகம் உறுதியானதையும் தனித்தனிப் படிவங்களில் அனுப்புகின்றனர். இப்போது அது இணையவழி நடக்கிறது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்தில் நிபா உறுதியானபோது தமிழ்நாடு உடனே எல்லைச் சோதனையைக் கூட்டியது. ஆயினும் கொள்ளைநோய்க்குச் சாவடியில் நிற்கும் இந்த ஒத்துழைப்பு, அன்றாட நோய்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குத் தரப்படும் பதிவு எண் ஒன்று, கேரளத்தில் வேறொன்று. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒருபுறம், கேரளத்தின் காருண்யா காப்பீட்டு அட்டை மறுபுறம்.

மொழியும் தரவின் பகுதியே. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர் தமிழிலேயே அரசு அலுவலகங்களோடு எழுத்துத் தொடர்பு கொள்ளவும் தமிழிலேயே விடை பெறவும் உரிமை தருகிறது. நீர்ப் பரிசோதனை முடிவும் நோய் எச்சரிக்கையும் இந்த உரிமைக்குள் அடங்க வேண்டும். தனக்கு வாசிக்க இயலாத முடிவைக்கொண்டு எவரும் கேள்வி கேட்க மாட்டார்.

ஆக, இப்பகுதிக்குப் புதிய சட்டம் உடனடித் தேவையன்று. பாலக்காடு-கோயம்புத்தூர், இடுக்கி-தேனி மாவட்ட நிர்வாகங்கள் பிறப்பு, இறப்பு, பிரசவ, நஞ்சேற்றப் பதிவுகளை வசிப்பிட ஊர்வாரியாக மாதந்தோறும் பரிமாறிக்கொள்ள ஓர் எழுத்துவழி ஏற்பாடு வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்கீழ் எல்லையோர மருத்துவமனைகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் அறிவிக்கையை இரு மாநில அரசுகளும் வெளியிட வேண்டும். கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அமைந்த உள்ளாட்சி அதிகாரி அந்த எண்களை ஊர்க்கூட்டத்திலும் லயத்திலும் மக்களின் மொழியில் படித்துக்காட்டக் கடமைப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் நாடாளுமன்றம் செல்ல வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர்களின் கையெழுத்தும் இரு மாநில அரசுகளின் ஆணையும் போதும்.